ஆவுடையப்பன் வரைந்த ஊர்ப்படம்

"டீச்சர், ஒரு எஸ்விஜி படத்த வெப் பக்கத்துல வைக்க நாலு வழி இருக்குன்னு போன வாரம் சொன்னீங்க. அதுல எது சரியான வழி?"

கேட்டவர் ஆவுடையப்பன். வயது நாற்பத்தெட்டு. கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் போர்டும் டிசைன் பண்ணியே தலை நரைத்தவர். கேட்கப்பட்டவர் ஜெசிந்தா டீச்சர். வயது முப்பதுகூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியறையில் வெப் டிசைன் சொல்லிக்கொடுக்கிறவர். குருவைவிடச் சிஷ்யனுக்கு வயசு கூட என்று வகுப்பிலிருந்த காலேஜ் பிள்ளைகள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் பதில் வராது. எதையாவது செய்வார். இல்லையென்றால் திருப்பிக் கேட்பார். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

"படம் முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?"

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

"யாருக்கு?"

"தாமிரத்துளி ரத்தக் கொடை வட்டத்துக்கு."

"அது யாரு?"

"எம் பொஞ்சாதி உசுரோட இருக்கதுக்கு அவங்கதான் காரணம்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் சொன்னார். அவர் மனைவி கோமு ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். அவளுக்கு வேண்டிய ரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லை. எளிதில் கிடைக்கிற வகையும் இல்லை. ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வராந்தாவில் யாரோ ஒருத்தர் ஒரு நம்பரைக் கொடுத்தார். மறுமுனையில் எடுத்தவர் மேலப்பாளையம் மைதீன் பிச்சை. "எந்த ஆஸ்பத்திரி? எந்த மாடி?" என்று இரண்டே கேள்வி கேட்டார். சற்று நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் முன்பின் தெரியாத ஒருத்தர். அந்த ஆள் ரத்தம் கொடுத்தார், ஜூஸ் குடித்தார், பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். மைதீன் பாய் மட்டும் போகவில்லை. கோமு கண் திறக்கிறவரை அந்த வராந்தாவிலேயே இருந்தார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு மைதீன் பாய் என்றால் சாமிக்கு அடுத்தபடி. வீட்டில் பாயசம் வைத்தால் முதல் தூக்குவாளி மேலப்பாளையத்துக்குப் போகும்.

"இப்ப அவருக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு டீச்சர். ஓரம் மட்டும் தெரியுதாம். நடுவுல மங்கல். டாக்டர்மாரு கைய விரிச்சுட்டாங்க. நம்பர் தெரியாம ரெண்டு தடவ மாத்தி அடிச்சுட்டாரு. இந்த ஞாயித்துக்கிழமை வட்டத்துல கூட்டம். பொன்னாடை போத்தி மரியாதையா வீட்டுக்கு அனுப்பிரலாம்னு பேசிக்கிடுதாங்க. ரத்தம் கேட்டு வட்டத்துக்கு யாரு கூப்பிட்டாலும் அவர் போன்தான் அடிக்கும். அந்த போன்தான் டீச்சர் அவருக்கு உசுரு. அத வாங்கிட்டா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் இந்தப் படம்."

லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. நீலமாக வளைந்து போகும் தாமிரபரணி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜங்ஷன், டவுன், பேட்டை. இந்தப் பக்கம் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பெருமாள்புரம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். கரையோரம் மரங்கள். ஊர்ப் பேர்களெல்லாம் கொழுகொழுவென்று அவரே பார்த்துப் பார்த்துச் செதுக்கிய எழுத்து. இன்றைக்கு எந்தப் பகுதியில் ரத்தம் கொடுக்க ஆள் தயார் என்று அந்தந்தப் பகுதிப் பொறுப்பாளர் காலையில் குறித்துவிடுவார். அந்தப் பகுதியைத் தொட்டால் அவருக்கே போன் போய்விடும். இதுதான் திட்டம்.

"எவ்ளோ பெருசாக்கினாலும் ஒடையாது டீச்சர். எஸ்விஜின்னா வெக்டர்லா, கோட்டாலயே வரையுறது. பாய்க்குப் பார்வ மங்கல், அதனாலதான் போட்டோ மாதிரி வைக்காம இதுல வரைஞ்சேன்."

"அவருக்கு எவ்ளோ பெருசாக்கணும்?"

ஆவுடையப்பன் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

"சரி, பக்கத்துல எப்படி வச்சிருக்கீங்க?"

"இமேஜ் டேக்ல. வெளிய இருக்க படத்தப் பக்கத்துக்குக் கூப்பிட ஒரே வரி. சோலி முடிஞ்சுது."

டீச்சர் எழுந்தார். அறைக்கு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஆவுடையப்பனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கையை ஆட்டினார். விரலை மடக்கி எதையோ எண்ணினார். ஒரு இடத்தில் சிரித்தார். வகுப்பிலிருந்த பிள்ளைகள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பேசி முடித்து உள்ளே வந்தார்.

"என்ன சொன்னேன் அண்ணாச்சி?"

"கேக்கலயே டீச்சர்."

"என்னப் பாத்தீங்கல்லா?"

"நல்லாப் பாத்தேன்."

"சரி."

டீச்சர் தன் போனை எடுத்து, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் வசதியைப் போட்டார். ஆவுடையப்பனின் பக்கத்தைத் திறந்து படத்தின்மேல் விரலை வைத்தார். போன் பேசியது.

"ஃபைனல் ஓகே டூ. படம்."

ஃபைலுக்கு ஆவுடையப்பன் வைத்திருந்த பேர் அது. டிசைன் கடைக்காரர்கள் எல்லா ஃபைலுக்கும் வைக்கிற பேர்தான். டீச்சர் விரலை டவுன் பக்கம் நகர்த்தினார். "ஃபைனல் ஓகே டூ. படம்." மேலப்பாளையத்தைத் தட்டிப் பார்த்தார். போன் யாருக்கும் போகவில்லை. மொத்தத் திருநெல்வேலிக்கும் சேர்த்து அந்த ஒரு பேர்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சர் மாதிரி, ஊர் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆவுடையப்பன் முகம் தொங்கிப்போனது.

"அப்ப இமேஜ் டேக் தப்பா டீச்சர்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப படத்தோட குறியீடு எல்லாத்தையும் அப்படியே பக்கத்துக்குள்ள கொட்டிரணுமா?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இதற்குமேல் நின்றாலும் ஒன்றும் பெயராது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் வந்தார். படத்தின் குறியீடு முழுவதையும் பக்கத்துக்குள்ளேயே கொண்டுவந்திருந்தார். இப்போது மேலப்பாளையத்தைத் தட்டினால் போன் போனது. அந்தச் சந்தோஷத்தில் படிக்கும் வசதியைப் போட்டு விரலை வைத்தார். போன் கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

"டீச்சர், முந்தி பேராவது சொல்லிச்சு. இப்ப வாயே தொறக்க மாட்டேங்கு."

"இந்தப் பக்கத்துல மேலப்பாளையம்னு அடிச்சுத் தேடுங்க."

தேடினார். ஒன்றும் இல்லை என்று வந்தது.

"இந்தா இருக்குல்லா." ஆவுடையப்பன் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இருக்கா?"

"இருக்கு டீச்சர். இவ்ளோ பெருசா இருக்கு."

"கம்ப்யூட்டர் இல்லங்குதே."

ஆவுடையப்பன் அந்தப் பேரை மவுசால் இழுத்துப் பார்த்தார், ஒரு எழுத்துகூடத் தேர்வாகவில்லை. அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இது அவர் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். பத்திரிகைக்குத் தமிழ் எழுத்தை ஒரு கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். அச்சுக்கு இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். ஒரு தடவை கடையநல்லூர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் நின்று பேசிய பேச்சு ஆவுடையப்பனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் போதும். அன்றிலிருந்து அடித்து முடித்த கையோடு எழுத்தைக் கர்வ் போட்டுவிடுவார். கர்வ் போட்டால் எழுத்து வெறும் கோடாகிவிடும். எங்கே போனாலும் கலையாது. ஆனால் அப்புறம் அது 'மே' இல்லை. 'மே' மாதிரி வளைந்திருக்கிற ஒரு கோடு.

"கலையக்கூடாதுன்னுதான் டீச்சர் செஞ்சேன்."

"கலையல அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றிருந்தது. அந்த எழுத்துக்காக அவர் பட்டபாடு அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் வீட்டுக்குப் போய் எல்லாப் பேரையும் அழித்தார். நிஜ எழுத்தாகத் திரும்ப அடித்தார். அவர் செதுக்கிய கொழுகொழு எழுத்து போய், பக்கத்தில் எல்லா இடத்திலும் இருக்கிற சாதாரண எழுத்து படத்திலும் வந்து உட்கார்ந்தது. பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

கோமு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாயண்ணனுக்குக் குடுக்கதுக்கு முந்தி எனக்குப் போட்டுக் காட்டுங்க. நான் கண்ண மூடிக்கிடுதேன்."

ஆவுடையப்பன் உற்சாகமாகிவிட்டார். சும்மா கொடுக்கலாமா? ஊர்ப் பேர் மட்டும் போதாது என்று படத்தில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தார். அப்புறம் போனைக் கோமு கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்தினாள்.

"மரம்," என்றது போன். "மரம். மரம். படித்துறை. அலை. மரம். அலை. மரம்."

கோமு பொறுமைசாலிதான். ஆனாலும் அதற்கும் ஒரு அளவு உண்டு.

"ஏங்க, நான் ரத்தத்துக்கு ஆள் தேடுதேன். நீங்க வனத்துறைக்குல்லா படம் போட்டிருக்கீங்க?"

ஆவுடையப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரம், அலை, படித்துறை எல்லாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரிந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று ஒரு சின்னக் குறிப்பைப் போட்டார். பக்கத்தின் தலைமாட்டில் இருந்த பூ வேலைப்பாட்டை, ஃபைல் பேரைப் படிக்காதபடி வாயை அடைத்து, பழையபடி இமேஜ் டேக்கிலேயே விட்டுவிட்டார். அதை யாரும் தொடப்போவதில்லை, அதனிடம் யாரும் எதையும் கேட்கப்போவதும் இல்லை. ஆற்றையும் அடக்கத்தான் போனார். கோமு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு இருக்கட்டும். எந்தக் கரையில நிக்கோம்னு தெரியணும்லா. பாலத்துல வண்டி மாட்டிக்கிட்டா ரத்தம் எப்படி வந்து சேரும்?"

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

சனிக்கிழமை டீச்சரிடம் காட்டினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போகவில்லை. ஆவுடையப்பனுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"பாய்கிட்ட காட்டியாச்சா?"

"நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் குடுக்கலாம்னு இருக்கேன் டீச்சர். அவருக்கு ஒரு இன்ப அதிர்ச்சியா இருக்கும்."

"எல்லார் முன்னாலயும் அவர் விரல் தடுமாறிச்சுன்னா?"

ஆவுடையப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக மேலப்பாளையத்துக்குப் போனார்.

மைதீன் பாய் வீட்டில்தான் இருந்தார். கூட்டத்தில் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கும் தெரியும். மனுசன் பேச்சில் சுரத்தே இல்லை. ஆனால் பேசுகிற போனைப் பழகி வைத்திருந்தார். ஆவுடையப்பன் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்ததும் விரலை வைத்தார்.

"மேலப்பாளையம். இன்று ஆள் உண்டு."

பாய் விரலை மெல்ல நகர்த்தினார். "வண்ணார்பேட்டை. இன்று ஆள் இல்லை." இன்னும் நகர்த்தினார். "தாமிரபரணி."

விரல் நின்றது. திரும்பி வந்தது. "வண்ணார்பேட்டை." மறுபடி போனது. "தாமிரபரணி." அதையும் தாண்டியது. "ஜங்ஷன். இன்று ஆள் உண்டு."

"ஆத்தத் தாண்டிட்டனா?"

"தாண்டிட்டீங்க பாய்."

மைதீன் பாய் வெகுநேரம் அந்த ஆற்றிலேயே கிடந்தார். அக்கரைக்குப் போவார், இக்கரைக்கு வருவார். அப்புறம் பேட்டையைத் தேடினார். அது மட்டும் அகப்படவில்லை. பேட்டையை ஆவுடையப்பன் பொடிசாக ஒரு மூலையில் வரைந்திருந்தார். பாயின் தடித்த விரல் அதை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

"பேட்டையக் காணோமே ஆவுடையப்பா."

"இந்தா வருது பாய்."

அங்கேயே உட்கார்ந்து பேட்டையை இழுத்துப் பெரிதாக்கினார் ஆவுடையப்பன். ஊர்க் கணக்குக்கு அது சரியான அளவு இல்லை. பாயின் விரல் கணக்குக்குச் சரியாக இருந்தது. கோணலாகிவிட்ட தன் படத்தைப் பார்த்தபோது ஆவுடையப்பனுக்கு வருத்தம் வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். வட்டத்தின் தலைவர் இன்பராஜ் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர், மேசைக்குப் பின்னால் இருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. அதில் என்ன இருக்கிறது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மைதீன் பாய் முன் வரிசையில், குளிப்பாட்டி வைத்த பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா டீச்சரும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் சுவரோரமாக இருந்தார்.

இன்பராஜ் சார் கெட்டவர் இல்லை. பாயின் சேவையைப் பற்றி மனசாரப் பேசினார். இனி அவர் ஓய்வெடுக்க வேண்டிய நேரம் என்று சொல்ல வாயெடுத்தபோது பாயின் போன் அடித்தது.

பாய் எடுத்தார். "எந்த ஆஸ்பத்திரி? எந்த மாடி?" கேட்டுக்கொண்டார். "வச்சிருங்க, இந்தா கூப்பிடுதேன்."

டவுன் பக்கத்து ஆஸ்பத்திரி. பிரசவம். பி நெகட்டிவ்.

"குடுங்க பாய், நான் பாக்கேன்." இன்பராஜ் சார் கையை நீட்டினார்.

பாய் கொடுக்கவில்லை. விரலைத் திரையில் வைத்தார்.

"மேலப்பாளையம். இன்று ஆள் உண்டு." பாய் அங்கே நிற்கவில்லை. "தாமிரபரணி." தாண்டினார். "டவுன். இன்று ஆள் இல்லை." ஒருத்தர் உச்சுக்கொட்டினார். விரல் இன்னும் மேற்கே போனது. "பேட்டை. இன்று ஆள் உண்டு."

அதன்மேல் இரண்டு தட்டு. போன் போனது.

மறுமுனையில் பேட்டைப் பொறுப்பாளர், ஒரு பெண் குரல். "சொல்லுங்க பாய்."

"தாயி கனகு, பி நெகட்டிவ் வேணும். டவுன்ல. பிள்ளத்தாச்சிப் பொண்ணு."

"எங்க தெரு வாத்தியாருக்கு அந்த வகைதான், வீட்டுலதான் இருக்காரு பாய். இப்பமே கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பாய் ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கூப்பிட்டு, ஆள் வருது, பயப்படாதீங்க என்று சொன்னார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் கூட்டத்தின் நடுவில் இருப்பது நினைவுக்கு வந்தவர்போல, "நீங்க பேசுங்க சார், குறுக்க வந்துட்டேன்," என்றார்.

இன்பராஜ் சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். எழுதி வைத்திருந்த பேச்சில் அடுத்த வரி அவருக்கு உதவவில்லை. காலடியில் இருந்த துணிப்பையைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "அடுத்த முகாம் எங்க வைக்கலாம்னு பாய் சொல்லட்டும்," என்று உட்கார்ந்துவிட்டார். முதலில் ஒருத்தர் கைதட்டினார். அப்புறம் அறையே தட்டியது.

கூட்டம் கலைந்து டீ வந்தது. மைதீன் பாய் ஆவுடையப்பனைத் தேடி வந்தார். தோளைத் தடவி, முகத்தைத் தடவி ஆள் அவர்தான் என்று தெரிந்துகொண்டார்.

"நேத்து ராத்திரி நான் சரியாத் தூங்கல ஆவுடையப்பா. காலையில இருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல. இப்ப இந்த டீய எப்படிக் குடிக்கேன் பாரு." டீயைக் குடித்தார். கண் கலங்கியது. "அல்லா ஒன் வீட்ட நல்லா வைக்கட்டும். கோமுவ நான் கேட்டேன்னு சொல்லு."

ஆவுடையப்பனுக்கு மனசு நிறைந்துபோனது. பாய் கையிலிருந்த காலி டீக்கிளாசை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கனகு கூப்பிட்டாள். வாத்தியார் ரத்தம் கொடுத்தாயிற்று, தாயும் பிள்ளையும் நலம், பொம்பளைப் பிள்ளை. பாய் அதைக் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

கடைசி பெஞ்சில் டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் ஓடிப்போய் முன்னால் நின்றார். வயசைப் பார்க்கவில்லை, ஆட்கள் பார்க்கிறார்களே என்றும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"டீச்சர், ஒங்கள ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய?"

ஜெசிந்தா டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினார். வழக்கமாகத் திருப்பிக் கேட்கிறவர், அன்றைக்குப் பதில் சொன்னார்.

"நாளைக்கு நம்ம கிளாசுல ஒரு பொண்ணு சேருது அண்ணாச்சி. அதுக்குக் காது கேக்காது, உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்கும். நான் பாதி நேரம் பலகையப் பாத்துல்லா பேசுதேன். நீங்க முன் பெஞ்சுல உக்காருங்க. நான் திரும்பி நின்னு பேசும்போதெல்லாம் மேசையத் தட்டுங்க."